ஆறு மணி முறை

முதல் புகார் ஆறாம் தேதி வந்தது. "சத்தம் தெளிவாக உள்ளது. ஆனால் வீட்டுக்காரரிடம் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. சரிசெய்து தரவும்."

அதற்குக் கீழே நான் எழுதிய பதில் இன்னும் இணையத்தில் அங்கேயேதான் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். திறந்த மூல மென்பொருளில் அது ஒரு வசதி, நம் புத்திசாலித்தனமும் முட்டாள்தனமும் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கும். "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத புருஷன் மென்பொருள் கோளாறு ஆகாது" என்று எழுதி, ஒரு சிரிக்கிற முகத்தைப் போட்டு, புகாரை மூடினேன். பதினோரு பேர் அதற்குக் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். எனக்கும் அன்றைக்கு முழுக்க அது நல்ல நகைச்சுவையாகத்தான் தோன்றியது.

என் பெயர் டெல்பின். பகலில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கிறேன். மிச்ச நேரத்தில் 'கடற்செவி'யைப் பார்த்துக்கொள்கிறேன். ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகுகள் கரையோடு பேசுவதற்கான ரேடியோ அது. பெட்டி ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான். வானத்தில் வருகிற அலையை வாங்கி எண்ணாக மாற்றிக் கணினிக்குக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. மிச்ச ரேடியோ முழுக்க நிரல்தான். சாட்டிலைட் போன் எங்கள் ஆட்களுக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் அதற்கான அனுமதிக் காகிதம் கிடைக்காது. அதனால் நாங்களே எழுதினோம். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். ஏழு நாடுகளில் நாற்பத்தொரு படகுத்துறைகளில் ஓடுகிறது. பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது புகார் பன்னிரண்டாம் தேதி வந்தது. அதே துறை, மணக்காட்டுத்துறை. "முன்பு சொன்ன அதே பிரச்சினை. என் வீட்டுக்காரர் தினமும் ஆறு மணிக்குப் பேசுகிறார். ஒரு வாரமாக ஒரே மாதிரி பேசுகிறார். இருமல் இல்லை."

கடைசி இரண்டு வார்த்தைகளைத் திரும்பப் படித்தேன். மறுநாள் மத்தியானம் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மணக்காட்டுத்துறையில் ரேடியோ இருப்பது கோயிலுக்கு அடுத்த மீனவர் சங்க அறையில். சுவரில் ஒரு ஸ்பீக்கர், கீழே நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஒவ்வொரு படகுக்கும் பத்து நிமிஷம் முறை. ஆறு மணி முறை வியான்னியின் படகுக்கு. ஆறு பேர் போயிருந்தார்கள். பெண்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள், முறை வந்ததும் அந்த வீட்டுக்காரி மைக்கை எடுப்பாள். தனியாகப் பேச இடம் கிடையாது. அறுநூறு மைலுக்கு அப்பால் நிற்கிற ஆண் என்ன சொன்னாலும் நாற்பது பேருக்கும் கேட்கும். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடலில் நின்றுகொண்டு கரைக்குக் கெட்டது சொல்லக்கூடாது. கை அறுந்தாலும் சுகம். எஞ்சின் நின்றாலும் சுகம். போன வருஷம் ஒருத்தருக்குக் குடல்வால் வெடிக்கிற நிலை, அவரும் "சுகம், நல்ல மீனு" என்று சொல்லிவிட்டுத்தான் மயங்கி விழுந்தாராம்.

சங்கச் செயலாளர் சேசடிமை வாசலிலேயே நின்றார். அறுபது வயசு, வெடவெடவென்று ஒல்லியான ஆள்.

"வாங்க டீச்சர். பெட்டியில ஒரு கொறையும் இல்ல. முன்னைக்கு இப்பம் கண்ணாடி மாதிரி கேக்குது. இந்தப் பிள்ளைதான் கெடந்து அனத்துது."

அந்தப் பிள்ளை என்பது பிளாரன்ஸ், வியான்னியின் மனைவி. முப்பத்தைந்து இருக்கும். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"அக்கா, மூத்தவளுக்குப் புதுநன்மைச் சடங்கு எந்த மாசம் வைக்கலாம்னு கேட்டேன். 'நல்ல மீனு'ங்காரு. அவரு அம்மையை ஆஸ்பத்திரியில போட்டுருக்குன்னேன். அதுக்கும் 'எல்லாரும் சுகம்'ங்காரு. தாயப்பத்திச் சொன்னா அப்பிடியா பதில் சொல்லுவாரு? இருமாம ரெண்டு வார்த்த அவருக்குப் பேச வராது. கல்யாணத்துல வாக்குக் குடுக்கையிலயும் இருமுனவராக்கும்."

"எந்த இடத்துல நிக்காங்கன்னு சொல்லலையா?" என்று கேட்டேன்.

சேசடிமை சிரித்தார். "அத எவன் சொல்லுவான்? மீனு கெடக்க எடத்த வெளியச் சொன்னா மறுநாளு நூறு படகு வந்து நிக்கும். துணைக்குப் போன படகும் எஞ்சின் கோளாறுன்னு திரும்பிட்டு. எனக்கும் ஒரு சந்தேகம் தட்டுச்சு, ஒம்பதாம் தேதி கடல் மீட்பு மையத்துக்குப் போன் போட்டேன். 'தினமும் பேசுறாங்களா?'ன்னான். பேசுதாங்கன்னேன். 'அப்புறம் என்னய்யா, ஆள் பேசிட்டு இருக்கப்ப விமானம் அனுப்புவாங்களா?'ன்னு வச்சிட்டான்."

பழுது பார்க்க ஒரு வரிசை உண்டு. மாணவர்களுக்கு வருஷா வருஷம் ஒப்பிக்கிறேன். முதலில் ஆன்டெனா, பிறகு கேபிள், பிறகு மின்சாரம், பிறகு பெட்டி, கடைசியில்தான் நிரல். மொட்டைமாடிக்கு ஏறி ஆன்டெனாவைப் பார்த்தேன். உப்புக்காற்றில் இணைப்பு துருவேறும், ஏறவில்லை. கேபிளில் எலி கடிக்கும், கடிக்கவில்லை. மின்சாரம் சீராக இருந்தது. பெட்டியின் கடிகாரம் ஒரு துளி விலகவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. பழுது பார்க்கிறவளுக்கு அதைவிடக் கெட்ட செய்தி கிடையாது.

அலையைப் படமாகக் காட்டுகிற திரையைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். மேலிருந்து கீழே மெதுவாக வழியும் நீலத் திரை, எங்காவது யாராவது பேசினால் அந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். ஐந்தரைக்கு முதல் படகு வந்தது. கோடு லேசாகச் சாய்ந்தபடி இறங்கியது. படகு ரேடியோ பேசப் பேசச் சூடாகும், சூடானால் அலைவரிசை கொஞ்சம் நகரும், அதனால் கோடு சாயும். கடலிலிருந்து வருகிற எல்லாக் கோடும் அப்படித்தான் சாயும்.

ஐந்தே முக்காலுக்குத் திரையில் புதிதாகச் சில கோடுகள் முளைத்தன. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில். அதில் ஒன்று சரியாக நம் அலைவரிசையின் மேல் விழுந்தது. படகுகள் பேசும்போது அவற்றின் அலை இதை அமுக்கிவிட்டது.

ஆறு மணி. சாய்ந்த கோடு எதுவும் வரவில்லை. நேர்க்கோடு மட்டும் இருந்தது. ஸ்பீக்கர் பேசியது.

"பிளாரு, நான்தான். இங்க எல்லாரும் சுகம். நல்ல மீனு."

வெதுவெதுப்பான, நடுத்தர வயது ஆண் குரல். மூச்சு கூடக் கேட்டது. பிளாரன்ஸ் மைக்கை எடுக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அஞ்சே முக்காலுக்கு இந்த ஊருல என்ன மெஷின் ஓட ஆரம்பிக்கும்?" என்று சேசடிமையிடம் கேட்டேன்.

"ஐஸ் பிளாண்டு. காலையில ஏத்துறதுக்கு ஐஸு நொறுக்குவாங்க. போன மாசக் கடைசியில மோட்டாருக்குப் புதுப் பெட்டி வச்சிருக்கான், கரண்ட் மிச்சமாகுதுன்னு."

"அங்க போன் போட்டு ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க."

எதற்கென்று கேட்காமல் போட்டார். "எட்வினு, மோட்டார நிறுத்து. ஆமாலே, இப்பமே."

"இங்க எல்லாரும் சுகம். நல்ல மீ" என்று சொல்லிக்கொண்டிருந்த குரல் அப்படியே நின்றது. திரையில் நேர்க்கோடுகள் எல்லாம் மறைந்திருந்தன.

"இப்ப போடச் சொல்லுங்க."

"பிளாரு, நான்தான். இங்க எல்லாரும் சுகம்."

 பிளாரன்ஸ்தான் முதலில் பேசினாள். "இன்னொரு மட்டம் நிறுத்தச் சொல்லுங்க." நிறுத்தினார்கள். நின்றது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்பம் அவரு எங்க அக்கா?"

 தெரிந்ததைச் சொன்னேன்.

"தூரத்துல இருந்து வர்ற பேச்சு முழுசா வராது. துண்டு துண்டா வரும். ஒவ்வொரு துண்டோடயும் ஒரு கணக்கு வரும், அது சரியா இருந்தாத்தான் துண்டு நல்ல துண்டு. இல்லேன்னா தூக்கிப் போட்டுரணும். முன்னாடி அப்பிடித்தான் இருந்துச்சு. அங்கங்க அறுந்து கரகரன்னு கேக்கும்."

"ஆமா, ஒரு எழவும் வெளங்காது," என்றார் சேசடிமை.

"வெளங்கலைன்னு நீங்க எல்லாரும் சண்டை போட்டீங்க. அதனால நிரப்பின்னு ஒண்ணு சேர்த்தோம். அறுந்த வலைய நீங்க உக்காந்து முடிச்சு போட்டு முடிவீங்கள்ல, சுத்தி இருக்க வலைக்கண்ணப் பாத்து இங்கயும் இப்பிடித்தான் இருந்திருக்கும்னு? அந்த மாதிரி, விட்டுப்போன பேச்ச அதுவே பின்னிக் குடுக்கும். அந்த ஆளோட குரல்லயே. ஆறு மணின்னா வியான்னி முறை, அதனால வியான்னி குரல்."

"வலையில கொஞ்சம் கண்ணு மிச்சம் இருந்தாத்தான முடிய முடியும்," என்றாள் பிளாரன்ஸ். "இங்க வலையே இல்லியே."

அதைத்தான் நான் யோசித்திருக்க வேண்டும். நான்கு வருஷமாக யோசிக்கவில்லை. வலுக் குறைந்த படகும் கேட்க வேண்டும் என்று, எது பேச்சு எது இரைச்சல் என்று பிரிக்கிற வாசலைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்தேன். ஐஸ் மோட்டாரின் இரைச்சல் அந்த வாசல் வழியே நுழைந்தது. நிரப்பிக்கு அது துண்டே இல்லாத பேச்சு. முழுக்க ஓட்டை. முழுவதையும் அதுவே பின்னியது.

"அதுக்கு அவரு என்ன சொல்லுவாருன்னு எப்பிடித் தெரியும்?" என்றார் சேசடிமை.

"உங்க பழைய பதிவ வச்சித்தான் படிக்க வச்சேன். பதினோரு வருஷப் பதிவு. நீங்கதான் தந்தீங்க. அதுல ஒருத்தர் கூட ஒரு நாள் கூடச் சுகம் தவிர வேற சொன்னதில்ல."

சேசடிமை என்னை முறைத்தார். "கெட்ட துண்டு நல்ல துண்டுன்னு ஏதோ சொன்னீங்கள்ல, அது பெட்டிக்குத் தெரியும்லா? எங்ககிட்டச் சொல்லலியே."

"சொல்லிச்சு. முன்னாடி திரையில சிவப்பு எண்ணு ஒண்ணு வரும். எத்தனை துண்டு கெட்டதுன்னு. அதப் பாத்து இங்க நெஞ்சடைச்சு ரெண்டு பேரு விழுந்தாங்க. சங்கத்துல இருந்து கடுதாசி வந்துச்சு, அத எடுக்கச் சொல்லி. எடுத்தது நான்தான்."

கடுதாசியில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அதை நான் சொல்லவில்லை. அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும், போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? பயந்த சனங்கள் கண்ணை மூடச் சொன்னார்கள். படித்தவள் நான், மூடிக்கொடுத்தேன், அதற்கு மேல் ஒரு அழகான குரலும் வைத்துக்கொடுத்தேன்.

கடற்செவி வாங்குகிற அலையைப் பக்குவப்படுத்தாமல் அப்படியே பத்து நாள் சேமித்து வைக்கும். அதன்மேல் மறுபடி எழுதிக்கொண்டே போகும். அன்றைக்குத் தேதி பதின்மூன்று. நாலாம் தேதிவரை இருந்தது. ஒவ்வொரு நாளின் ஆறு மணியையும் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். பன்னிரண்டு, நேர்க்கோடு. பதினொன்று, நேர்க்கோடு. ஆறாம் தேதி, நான் சிரிக்கிற முகம் போட்ட தேதி, நேர்க்கோடு. ஐந்தும் அப்படியே.

நாலாம் தேதி, நேர்க்கோட்டின் பக்கத்தில் மெல்லிசாக இன்னொரு கோடு இருந்தது. சாய்ந்த கோடு.

நிரப்பியை அணைத்தேன். கணக்குச் சரியாக இருக்கிற துண்டுகளை மட்டும் ஓடவிட்டேன். நான்கு நிமிஷத்தில் மொத்தம் ஒன்பது துண்டுகள்தான் தேறின. பெண்களை வெளியே போகச் சொல்லலாமா என்று நினைத்தேன். பிளாரன்ஸ் ஸ்பீக்கருக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"...ப்பல் இடிச்சு..."

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

"...தண்ணி கீழ..."

"...பிளாரு..."

பிறகு ஒரு இருமல். கணக்குப் பிசகாத, முழுமையான, வறட்டு இருமல். பிளாரன்ஸ் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"...யாரையாவது அனு..."

"...சீக்கிர..."

அவ்வளவுதான். மிச்ச மூன்றும் வெறும் மூச்சு. பேச்சுக்கு நடுவே அவன் வேறொன்றும் செய்திருந்தான். இருப்பிடத்தை அனுப்புகிற பட்டனை, அந்தத் துறையில் பிறந்த யாருமே தொடாத பட்டனை, அழுத்தியிருந்தான். எண்கள் சுத்தமாக வந்து பதிவேட்டில் உட்கார்ந்திருந்தன. யாரும் பயன்படுத்தாத கட்டம் என்று அதையும் திரையிலிருந்து நான்தான் எடுத்துவிட்டிருந்தேன்.

வியான்னி அன்றைக்கு வழக்கத்தை மீறிவிட்டான். நாற்பது பேருக்குக் கேட்கும் என்று தெரிந்தே, கடலில் நின்றுகொண்டு கெட்டதைச் சொன்னான். வழக்கத்தை மீறாதது என் நிரல்தான். அவன் சொன்னதை எடுத்துவிட்டு, அவன் இத்தனை வருஷமாகச் சொன்னதைப் போட்டது.

"அன்னைக்கு இங்க என்ன கேட்டுச்சு?" என்றேன், எனக்குத் தெரிந்திருந்தும்.

"எல்லாரும் சுகம், நல்ல மீனுன்னாரு," என்றாள் பிளாரன்ஸ்.

சேசடிமை அதற்குள் மீட்பு மையத்துக்குப் போன் போட்டு இருப்பிட எண்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். இந்த முறை அவர்கள் போனை வைக்கவில்லை.

பதினாறாம் தேதி விமானம் ஒரு நீலத் தண்ணீர் டிரம்மையும், மீன் அறையின் மூடி ஒன்றையும் பார்த்தது. மூடியில் நைலான் கயிற்றால் மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தது. யாரோ அதில் தங்களைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நாள் இருந்திருக்கிறார்கள். எத்தனை நாள் என்று மையத்துக்காரர்கள் சொல்லவில்லை. ஐந்தாம் தேதியே போயிருந்தால் என்று யாரும் என் முகத்துக்கு நேரே கேட்கவும் இல்லை. ஆறாம் தேதி என்றாலும் போதும், எனக்குக் கணக்குத் தெரியும்.

நிரப்பியை நிரலிலிருந்து வெட்டி எறிந்தேன். சிவப்பு எண்ணைத் திரும்ப வைத்தேன், முன்னைவிடப் பெரிதாக. நடந்தது அத்தனையையும் எழுதி நாற்பத்தொரு துறைக்கும் அனுப்பினேன். பதில்கள் வந்தன. ஆழ்ந்த அனுதாபங்கள் வந்தன. இரண்டு வாரத்தில் முதல் புகாரும் வந்தது. "புதிய பதிப்பில் சத்தம் மோசமாக உள்ளது. பழையதற்கே திரும்புகிறோம்." அடுத்த மாதக் கடைசிக்குள் இருபத்தாறு துறைகள் பழையதற்குத் திரும்பிவிட்டன. யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று எழுதி வைத்தவள் நான்தானே, யாரைத் தடுப்பது? மணக்காட்டுத்துறை திரும்பவில்லை. அங்கே இப்போது ஆறு மணிக்கு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஆறு பத்துக்குப் போடுகிறார்களாம்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறு வாரம் பிளாரன்ஸ் பாலிடெக்னிக்குக்கு வந்தாள். கறுப்புச் சேலை, கையில் ஒரு துணிப்பை. லேபில் மாணவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். என்மேல் காறித் துப்ப வந்திருப்பாள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணு கேக்கணும் அக்கா. அன்னைக்கு, நாலாந்தேதி, அவரு பேசி முடிச்ச பெறவு நானும் பேசினேன்லா."

"ம்."

"'சந்தோசம். மீன விட்டுப்போட்டு ஓடி வந்துராதீங்க. நெறைய ஏத்திட்டு மெதுவா வாங்க'ன்னேன்." அவள் குரல் உடையவில்லை. எத்தனையோ தடவை தனக்குள்ளே சொல்லிப் பார்த்த மாதிரி ஒழுங்காகச் சொன்னாள். "அது அவருக்குக் கேட்டிருக்குமா?"

படகுகள் கரையின் பேச்சை வாங்கி முடித்ததும் பதிலுக்கு ஒரு சின்னக் குறி அனுப்பும். மனுஷர் எதுவும் செய்ய வேண்டாம், ரேடியோவே அனுப்பும். குட்டிக் குறி என்பதால் எவ்வளவு இரைச்சலிலும் வந்து சேரும். நாலாம் தேதி பதிவேட்டில் அது இருந்தது. ஆறு மணி ஏழு நிமிஷம், பெற்றுக்கொள்ளப்பட்டது, முழுமை, பிழை எதுவும் இல்லை. கரையில் இருக்கிற அனுப்பு கருவிக்கு வலு அதிகம். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட அறுந்திருக்காது. சங்க அறையில் அன்றைக்கே நான் அந்த வரியைப் பார்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

"கேட்டிருக்காது," என்றேன். "அதுக்குள்ள அவங்க ரேடியோவுல தண்ணி ஏறியிருக்கும். ஒண்ணுமே கேட்டிருக்காது, பிளாரு."

அந்தப் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, தானாக வந்துவிட்டது.

பிளாரன்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து பையை எடுத்தாள்.

"நீங்களும் இருமாமத்தான் சொல்லுதீங்க, அக்கா," என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு மணி பஸ் போய்விடும் என்று வேகமாக நடந்தாள்.